'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதும் முன்: மலைச்சரிவின் நிலத்தடி நீர் குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவர் அவர்களுக்கும், நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் வணக்கம்.

கோத்தகிரிப் பக்கத்துச் சரிவொன்றில், தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே பிறக்கும் ஊற்றின் நீரைக் குழாய் வைத்து இறக்கிக் குடிக்கும் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவன் நான். பணியில் இருந்த காலத்தில் நீர் மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால், எங்கள் ஊற்றுக்கு மேலே, சாலையோரத்தில் இருக்கும் ஒரு எரிபொருள் நிலையத்தின் கோப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வாங்கிப் படிக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. நிலையத்தின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் இங்கே நான் எழுதப்போவதில்லை. இந்த மடல் ஒரு பங்க்கைப் பற்றியதன்று; கோப்பின் கடைசித் தாளில் இருந்த மூன்று சொற்களைப் பற்றியது.

அங்கே நிலத்தடியில் புதைத்திருந்த பெட்ரோல் தொட்டி ஒன்று கசிந்தது. கசிவு தெரிந்ததும் தொட்டி மாற்றப்பட்டது. சுற்றியிருந்த மண்ணில் ஒரு பகுதி தோண்டி அகற்றப்பட்டது. மூன்று கண்காணிப்புக் கிணறுகள் இறக்கி, ஓராண்டுக்கு மேல் நீரை இறைத்துச் சுத்திகரித்தார்கள். இவ்வளவும் முறையாக நடந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அதன் பிறகு ஆகஸ்டில் ஒருமுறையும் நவம்பரில் ஒருமுறையும் மாதிரி எடுத்து, இரண்டிலும் பெட்ரோலில் உள்ள நச்சுப்பொருளான பென்சீன் வரம்புக்குள் இருக்கிறது, கிணறுகளில் மிதக்கும் எண்ணெய் இல்லை என்று காட்டி, சுத்திகரிப்புப் பணிக்கான ஆலோசகர் தம் அறிக்கையை முடித்திருந்தார்: 'மேல் நடவடிக்கை தேவையில்லை'.

ஆகஸ்டும் நவம்பரும். இந்த மாவட்டத்தில் வாழ்பவர்களுக்கு அந்த இரண்டு மாதங்களின் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஒன்று தென்மேற்குப் பருவமழையின் நடுப்பகுதி. மற்றொன்று கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக்கு உண்மையான மழையைக் கொண்டுவரும் வடகிழக்குப் பருவமழையின் உச்சம். ஆண்டின் பன்னிரண்டு மாதங்களில், நிலத்தடியில் பெட்ரோல் இருந்தாலும் இல்லாததுபோல் தோன்றுவதற்கு ஏற்ற இரண்டு மாதங்கள் அவை.

ஏன் என்பதை விளக்கும் முன், என் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் ஊற்றுநீர் குடிப்பவன் மடல் எழுதினால் 'ஒரு துளி மிச்சமில்லாமல் எடு' என்றுதான் கேட்பான் என்ற எண்ணம் அலுவலகங்களில் உண்டு. நான் அப்படிக் கேட்கவில்லை. மண்ணுக்குள் போன பெட்ரோலைக் கடைசித் துளிவரை எடுப்பது பெரும்பாலும் இயலாத காரியம். இயன்றாலும் சில இடங்களில் செய்யத் தகாத காரியம். செங்குத்தான சரிவில், தடுப்புச்சுவர் ஒன்றின் காலடியில், பத்து மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணை வாரி எடுத்தால், எண்ணெயோடு சேர்ந்து மேலே இருக்கும் வீடும் இறங்கிவிடும். 2009 நவம்பரில் இந்த மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோரை இழந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. பெட்ரோல், மண்ணில் சிதையாமல் கிடக்கும் பாதரசத்தைப் போன்றதும் அன்று. மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் அதை உணவாக்கிக்கொள்ளும். ஆக்சிஜன் தீர்ந்தால் நைட்ரேட்டையும் இரும்பையும் சல்பேட்டையும் துணைக்கொண்டு, மெதுவாகவேனும், சிதைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே எஞ்சிய கறையோடு ஒரு கோப்பை மூடுவது அறிவியலுக்கு முரணானதன்று. எந்தச் சான்றின் பேரில் மூடுகிறோம் என்பதுதான் என் கேள்வி.

பெட்ரோல் நீரைவிட இலேசானது. மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தை எட்டியதும் அதன்மேல் படர்ந்து நிற்கும். நீர்மட்டம் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். இப்படி ஏறி இறங்கும்போதெல்லாம், வழியில் உள்ள மண் துகள்களின் இடுக்குகளில் தன்னைப் பூசிக்கொண்டே போகும். சமவெளியில் இந்த எண்ணெய் பூசிய மண்ணடுக்கு மெல்லியதாக இருக்கக்கூடும். நம் மலையில் அப்படியில்லை. சார்னோகைட் என்னும் கடும்பாறை உதிர்ந்து உண்டான மண்போர்வை இங்கே பல மீட்டர் தடிமன் கொண்டது. கோடைக்கும் மழைக்கும் இடையே நீர்மட்டம் கிணற்றுக் கயிற்றில் கண்ணால் பார்க்கும்படி ஏறி இறங்குகிறது. மழைக்காலத்தில் நீர்மட்டம் உயர்ந்து நிற்கும்போது, அந்த மண்ணடுக்கு முழுவதும் நீருக்குள் மூழ்கி, எண்ணெய் துளித்துளியாகச் சிறைப்பட்டுக் கிடக்கும். கிணற்றுக்குள் ஒழுகி வராது. இதற்குமேல் ஒரு சங்கடமும் உண்டு. கண்காணிப்புக் கிணற்றின் துளையிட்ட குழாய்ப்பகுதி எந்த ஆழத்தில் தொடங்குகிறதோ, அதற்கு மேலே நீர்மட்டம் போய்விட்டால், வெளியே மிதக்கும் எண்ணெய்க்குக் கிணற்றுக்குள் நுழைய வழியே இல்லை. நவம்பரில் கிணற்றைத் திறந்து பார்த்து 'மிதக்கும் எண்ணெய் இல்லை' என்று எழுதுவது, கதவைச் சாத்திவிட்டு விருந்தாளி வரவில்லை என்பதற்கு ஒப்பானது.

அதே கிணற்றை மார்ச் இறுதியில், பனிக்காலம் முடிந்து கோடைமழை இன்னும் தொடங்காத நாட்களில் திறந்து பார்க்க வேண்டும். நீர்மட்டம் இறங்கி, பூசிய மண்ணடுக்கு வெளிப்பட்டு, சிறைப்பட்ட எண்ணெய் வடிந்து கிணற்றுக்கு வரும் காலம் அதுதான். எங்கள் கோப்பில் ஒரு மார்ச் மாத அளவீடுகூட இல்லை.

இன்னொரு இடைவெளியும் கேட்கப்பட வேண்டும். நீரை இறைத்துக்கொண்டிருக்கும்போது செறிவு குறையும். இறைப்பதை நிறுத்தியதும், களிமண்ணுக்குள் ஊறியிருந்த மாசு மெல்லக் கசிந்து மீண்டும் ஏறும். இது உலகமெங்கும் இத்தகைய இடங்களில் கண்டறியப்பட்ட இயல்பு. எனவே பம்பு ஓடிய காலத்திலும், அது நின்ற சில வாரங்களிலும் கிடைத்த எண்கள், பம்பு எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்பதைச் சொல்லுமே தவிர, நிலம் எவ்வளவு சீரானது என்பதைச் சொல்லாது.

செறிவைப் பற்றிப் பேசும்போது எண்களை ஒருமுறை கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் பென்சீனுக்குச் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அமெரிக்காவின் வரம்பு 5. பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என உறுதியாக வகைப்படுத்தப்பட்ட பொருள். நம் நாட்டுப் பெட்ரோலில் அது கன அளவில் அதிகபட்சம் 1 சதவீதம் இருக்கலாம். அந்த உச்ச அளவில் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் ஏறத்தாழ 8.8 கிராம், 10 மைக்ரோகிராம் என்ற அளவுக்கு அது சுமார் 8.8 லட்சம் லிட்டர் நீரைக் கொண்டுபோய் நிறுத்தப் போதுமானது. கோடையில் எங்கள் ஊருக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் எழுபத்து மூன்று. ஒரே ஒரு லிட்டருக்கு! மண்ணில் ஒட்டியது, ஆவியானது, நுண்ணுயிரி தின்றது எல்லாம் கழித்துத்தான் நீருக்கு வரும் என்பது உண்மையே. ஆனாலும் 'கொஞ்சம்தான் மிச்சம்' என்ற சொல்லைக் கோப்பில் எழுதும் முன் இந்தக் கணக்கு நினைவில் இருக்க வேண்டும். மூக்கையும் நம்ப முடியாது. நீரில் பென்சீனின் சுவையே லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்கு மேல்தான் தெரியத் தொடங்கும். அது வழிகாட்டு அளவைப்போல் ஐம்பது மடங்கு.

செறிவு மட்டும் போதாது, ஊற்றின் ஓட்டத்தையும் அளக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு ஒரு கணக்கு. ஏப்ரலில் நிமிடத்துக்கு 2 லிட்டர் வரும் ஊற்றில் லிட்டருக்கு 12 மைக்ரோகிராம் பென்சீன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு வெளியேறுவது 24 மைக்ரோகிராம். அதே ஊற்று நவம்பரில் நிமிடத்துக்கு 20 லிட்டர் கொட்டும்போது செறிவு 4 என்று வந்தால், ஆய்வறிக்கை 'மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது, வரம்புக்குள் வந்துவிட்டது' என்று சொல்லும். ஆனால் நிமிடத்துக்கு வெளியேறும் பென்சீன் 80 மைக்ரோகிராம்; மூன்று மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. மழை மாசைக் கரைத்து நீட்டியதே ஒழிய நீக்கவில்லை. இதை அளக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு வாளியும் ஒரு கடிகாரமும் போதும். எங்கள் ஊர்ப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும்போது நாள்தோறும் செய்வதுதான்.

மாதிரி எடுத்த விதத்தைப் பற்றியும் ஆய்வக ஊழியனாக ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. பென்சீன் விரைவில் ஆவியாகும் பொருள். அதற்கான மாதிரியைச் சிறு கண்ணாடிக் குப்பியில், ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் நிரப்பி, அமிலம் சேர்த்து, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். அரைப்புட்டி காலியாக விட்ட பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, மேட்டுப்பாளையம் வழியாக வெயிலில் கோயம்புத்தூர் போய்ச் சேர்வதற்குள், அளக்க வேண்டியதில் பெரும்பகுதி பாட்டிலின் மேற்காற்றுக்குப் போயிருக்கும். அதுபோலவே, 'எண்ணெய்-கிரீஸ்' சோதனையில் ஒன்றும் இல்லை என்பது பெட்ரோல் இல்லை என்பதற்குச் சான்றாகாது. அந்தச் சோதனையில் கரைப்பானை ஆவியாக்கி மிச்சத்தை எடைபோடுகிறோம், கரைப்பானோடு பெட்ரோலின் இலேசான கூறுகளும் பறந்துவிடுகின்றன. இரண்டும் சிறு விஷயங்கள்தாம். ஆனால் 'இல்லை' என்ற முடிவு எப்போதும் இத்தகைய சிறு விஷயங்களின் மேல்தான் நிற்கிறது.

எங்கள் கோப்பில் ஆலோசகர் கலிபோர்னியாவை மேற்கோள் காட்டியிருந்தார். அதைப் படித்தபோது மகிழ்ந்தேன். ஏனெனில் எரிபொருள் கசிந்த இடங்களை எப்போது மூடலாம் என்பதற்கு அந்த மாநிலம் 2012இல் வகுத்த குறைந்த அபாய இடங்களுக்கான கொள்கை, நான் அறிந்தவற்றுள் வெளிப்படையானவற்றில் ஒன்று. மாசு முழுவதும் நீங்காவிட்டாலும், நியாயமான காலத்துக்குள் நீங்கிவிடும் நிலையில் இருந்தால் மூடலாம் என்று அது துணிந்து சொல்கிறது. எடுத்துக்காட்டாக, நீரில் மாசுப் பரவலின் நீளம் 100 அடிக்கும் குறைவாக இருந்து, மிதக்கும் எண்ணெய் இல்லாமல், பரவலின் எல்லையிலிருந்து 250 அடிக்குள் குடிநீர்க் கிணறோ நீர்நிலையோ இல்லாமல், அந்தப் பரவல் நிலைபெற்றோ சுருங்கிக்கொண்டோ இருந்தால், நிலத்தடி நீரைப் பொறுத்தவரை மூடலாம். எங்கள் ஆலோசகர் இந்த அடிக்கணக்கைத்தான் எடுத்து வைத்திருந்தார்.

அதே கொள்கையின் பொது நிபந்தனைகளில் முதலாவதை அவர் எடுத்து வைக்கவில்லை: அந்த இடம் பொதுக் குடிநீர் வழங்கல் அமைப்பின் எல்லைக்குள் இருக்க வேண்டும். அதாவது, சுற்றியிருக்கும் மக்களுக்கு வேறு நீர் குழாயில் வந்துகொண்டிருக்கிறது என்ற தரையின் மேல் நின்றுதான் அந்தச் சலுகைகள் அனைத்தும் கட்டப்பட்டிருக்கின்றன. காலடி நிலத்தின் நீரைக் குடிப்பவருக்காக எழுதப்பட்டதன்று அது. எங்கள் ஹட்டியில், அதாவது மலைக் குடியிருப்பில், ஊற்றுதான் குடிநீர் அமைப்பு. முதல் படியை விட்டுவிட்டு மூன்றாம் படியில் கால் வைத்தால் ஏணி தாங்காது.

அந்த அடிக்கணக்கும் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1995இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடம் கலிபோர்னியாவின் கசிந்த தொட்டிகளை ஆராய்ந்து, பென்சீன் பரவல்கள் பெரும்பாலும் சில நூறு அடிகளுக்குள் நின்றுவிடுகின்றன என்று கண்டது. அவை பெரும்பாலும் மணலும் வண்டலும் களிமண்ணும் படிந்த தரைகளைப் பற்றிய கண்டுபிடிப்பு. நம் மலையில் மண்போர்வைக்கு அடியில் வெடிப்பு விழுந்த கடும்பாறை. மண்ணுக்கும் பாறைக்கும் இடைப்பட்ட எல்லையில் ஓடும் நீர்தான் சரிவு முடியும் இடத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. வெடிப்பொன்றுக்குள் நுழைந்த நீர் எங்கே தலைகாட்டும் என்பதை மேலே மூன்று கிணறு வைத்துக்கொண்டு சொல்லிவிட முடியாது. வரைபடத்தில் நிலையத்துக்கும் எங்கள் ஊற்றுக்கும் உள்ள தூரம் கணிசமானது. நீர் வரைபடத்தின் மேல் நடப்பதில்லை.

கலிபோர்னியாவின் கொள்கை எழுதப்பட்ட காலத்தின் பெட்ரோலும் இன்று நம் வண்டிகளில் ஊற்றும் பெட்ரோலும் ஒன்றல்ல. இப்போது நாடு முழுவதும் பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்ததே விற்பனையாகிறது. நுண்ணுயிரிகள் எத்தனாலை முதலில் தின்னும். அதற்குள் அருகிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிடும். பென்சீன் சிதைவது தாமதமாகி, பரவல் நீளும். உதகை, கோத்தகிரி உயரத்துக் குளிரில் நுண்ணுயிரிகளின் வேலை சமவெளியைவிட மந்தம். 'இயற்கையே சரிசெய்துவிடும்' என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். எந்த வேகத்தில் என்பதை இங்கேயே அளந்து காட்டினால்.

மண்ணிலிருந்து எழுந்து வீட்டுக்குள் புகும் பெட்ரோல் ஆவியைப் பற்றிச் சுருக்கமாக: இங்கே பல வீடுகளின் பின்சுவர் மலையை வெட்டிய மண்சுவரோடு ஒட்டியது, குளிர்காலத்தில் சன்னல் திறப்பதில்லை. நிலையத்துக்குக் கீழ்ப்படியில் உள்ள வீடுகளில் ஒருமுறையேனும் காற்றை அளக்காமல் கோப்பை மூடக் கூடாது.

பழனி மலையில் நடந்ததையும் இங்கே நினைக்கிறேன். கொடைக்கானலின் வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்ட பிறகு, மண்ணில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம் என்ற ஒற்றைக் கேள்வி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 20 என்ற எண் போதுமானதன்று என்று ஊர்மக்களும் சூழல் ஆர்வலர்களும் வாதிட்டார்கள். பாதரசம் வேறு, பெட்ரோல் வேறு என்பதை முன்பே சொன்னேன். ஆனால் எந்த எண்ணில் நிற்பது, அந்த நிலத்தையும் நீரையும் யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதை வேலை தொடங்கும் முன்பே ஊர்முன் வைத்துப் பேசாவிட்டால், வேலை முடிந்த பிறகு பேச வேண்டிவரும். அது எல்லோருக்கும் விலை கூடியது, நிறுவனத்துக்கும் சேர்த்து.

2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாசடைந்த இடங்களின் மேலாண்மைக்கான விதிகளை அறிவித்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சிகளும் மாவட்ட நிர்வாகமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட்டு மாநில வாரியத்துக்குத் தெரிவிப்பதும், வாரியம் தொண்ணூறு நாட்களுக்குள் முதற்கட்ட மதிப்பீடு செய்வதும் அதில் உண்டு. ஓர் இடம் பட்டியலுக்குள் நுழையும் வாயில் இவ்வாறு தெளிவாகிறது. வெளியேறும் வாயிலுக்கு மலை மாவட்டங்களுக்கெனத் தனி நிபந்தனைகளை வாரியம் வகுத்து, தமிழில் வெளியிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அந்த நிபந்தனைகளில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு என் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். இறைப்பது நின்ற பிறகு முழுமையாக இரண்டு நீராண்டுகள் (மழையும் கோடையும் சேர்ந்த முழுச் சுற்றுகள்), மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவீடு. அவற்றில் ஆண்டுக்கு ஒன்று நீர்மட்டம் அடியில் இருக்கும் மார்ச், ஏப்ரலில் கட்டாயம். ஒவ்வொரு அளவீட்டோடும் அன்றைய நீர்மட்டமும் கிணற்றுக் குழாயின் துளைப்பகுதி தொடங்கும் ஆழமும் ஒரே அட்டவணையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'எண்ணெய் இல்லை' என்ற வரி செல்லாது. கிணறுகள் மட்டுமன்றி, சரிவின் கீழே மக்கள் குடிக்கும் ஒவ்வொரு ஊற்றும், அதன் ஓட்டத்தோடு, கண்காணிப்பு இடமாகக் கொள்ளப்பட வேண்டும். அந்த அளவீடுகள் யாவும் இறங்குமுகத்தில் இருந்து, கோடை எண் வரம்புக்குள் வந்து, மிஞ்சியது இன்ன இடத்தில் இன்ன ஆழத்தில் இருக்கிறது என்று நிலப்பதிவிலும் குறித்துவைத்தால், நாளை அங்கே அடித்தளம் தோண்டுபவருக்கும் அது தெரியும். அப்போது கோப்பை மூடுங்கள். நானே வந்து சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன். மூடும் முன் கீழ்ச்சரிவு மக்களுக்கு அறுபது நாள் முன்னறிவிப்பு வேண்டும். அந்த அறுபது நாளும் கலிபோர்னியாவின் கொள்கையில் உள்ளதுதான். அதையும் ஆலோசகர் எடுத்து வைக்கவில்லை.

இதற்குச் செலவாகும் என்று சொல்வார்கள். ஆண்டுக்கு நான்கு முறை சில குப்பிகளைப் பனிக்கட்டியில் கோயம்புத்தூருக்கு அனுப்புவது, ஓராண்டுக்கு மேல் இரவும் பகலும் பம்பு ஓட்டியதன் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. பம்புக்குச் செலவிட்டு, அது பலித்ததா என்று பார்ப்பதற்குச் செலவிடாமல் இருப்பது சிக்கனமாகாது.

எங்கள் கோப்பைப் பொறுத்தவரை நான் கேட்பது ஒன்றே. வரும் மார்ச் கடைசி வாரத்தில், கோடைமழை தொடங்கும் முன், மூன்று கிணறுகளிலும் ஊற்றிலும் ஒரே நாளில் மாதிரி எடுக்க ஆணையிடுங்கள். அதுவரை அந்த மூன்று சொற்களின் கீழ் கையெழுத்து விழாமல் நிறுத்தி வையுங்கள். ஊற்றுக்குப் போகும் ஒற்றையடிப்பாதை தேயிலைக்கு நடுவே போவதால் புதியவர்களுக்குத் தென்படாது. காலை ஏழு மணிக்கு மேல் எப்போது வந்தாலும் வழிகாட்ட ஆள் இருப்பார். ஓட்டத்தை அளக்க வாளியும் அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
ஊற்றுநீர் குடிக்கும் குடும்பங்களின் சார்பில்,
ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர் ஒருவர்